மலையில் இன்னொரு மைதானம்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மதிய வேளையில் அங்கே உட்கார்ந்துதான் விடுமுறைத் திட்டங்கள் எல்லாம் போடுவோம். மே தினத்தோடு ஒரு நாள் விடுப்பு சேர்த்தால் நான்கு நாள் கிடைக்கும் என்று இந்த ஆண்டு கணக்குப் போட்டோம். “கேமரன் மலைக்குப் போலாமா?” என்றாள் உடன் வேலை செய்யும் தோழி. “அங்க என்னலா இருக்கு? தேயிலை, ஸ்ட்ராபெரி, அப்புறம் ஜாம்” என்றார் இன்னொருவர். ஜாம் என்று அவர் சொன்னது ரொட்டியில் தடவுவதையா, சாலை நெரிசலையா என்று கேட்டு எல்லாரும் சிரித்தோம்.

நானும் சிரித்தேன். என் அப்பா பிறந்து வளர்ந்தது அந்த மலையில்தான் என்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. சொல்ல வேண்டிய செய்தியாக எனக்கே அது அதுவரை தோன்றியதில்லை.

அன்றிரவு கிள்ளானில் வீட்டுக்கு வந்து பேச்சை எடுத்தேன். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்டார்: “மே மாசம் முதல் வாரமா?”

“ஆமாப்பா.”

“அந்த வாரந்தான் தோட்டத்துல திருவிழா.”

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த ரிமோட்டை அழுத்தாமல் வெகுநேரம் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, கூப்பிட்டுப் போ என்பதுபோல் எனக்குக் கண்ணைக் காட்டினார். தோழிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டேன்.

எங்களுக்குக் கேமரன் மலை புதிதல்ல. சின்ன வயதில் நாலைந்து முறை போயிருக்கிறோம். ஸ்ட்ராபெரி பறிப்போம், தேன் வாங்குவோம், சோளம் தின்போம், தேயிலைச் சரிவில் நின்று படம் எடுப்போம். அப்பா மட்டும் காரை விட்டு அதிகம் இறங்க மாட்டார். முட்டி வலி என்பார். துக்க காரியத்துக்கென்று தோட்டத்துக்குப் போனால் காரியம் முடிந்த அன்றே மலை இறங்கிவிடுவார். 1976-இல், 19 வயதில் தோட்டத்தை விட்டு வந்த மனிதர், அதன் பிறகு ஒரு திருவிழாவுக்குக்கூட அங்கே போகவில்லை என்பது இந்தப் பயணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். என் வீட்டுக்காரர் ஓட்ட, அப்பா முன்னால். பின்னால் அம்மா, நான், 9 வயது மகன். சிம்பாங் பூலாய் வழியாகப் போனால் சாலை அகலம், வளைவும் குறைவு. அப்பா ஒரே பிடியாக, “தாப்பா வழியாப் போ” என்றார்.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பழைய மலைச் சாலை தொடங்குகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி. சாலையோரக் குடிசைகளில் ஒராங் அஸ்லி மக்கள் பெத்தாய், காட்டுத் தேன், மூங்கில் குழல்களை விற்கிறார்கள். மகனுக்கு இரண்டு முறை வாந்தி வந்தது. அப்பா திரும்பிப் பார்த்து, “இதே வளைவுலதான் நானும் எடுத்தேன், காய்கறி லாரி மேல உக்காந்துக்கிட்டு” என்றார். அவர் மலையை விட்டு இறங்கிய கதையின் முதல் வரி அது. மிச்சத்தை அப்போது சொல்லவில்லை.

இந்த மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். 1885-இல் இந்தப் பக்கம் வந்து மேட்டு நிலத்தைப் பற்றிக் குறிப்பெழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு 40 ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்புதான், வெயில் தாங்காத ஆங்கில அதிகாரிகளுக்கு ஓய்வெடுக்க ஒரு குளிர்மலை ஊர் அமைக்கும் வேலை சூடு பிடித்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் தாப்பா சாலை மேலே வந்து சேர்ந்தது. சரிவுகளில் காடு வெட்டி, வரிசை பிடித்துத் தேயிலைக் கன்று நட்டவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் பெரும் பங்கினர். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுவன் என் தாத்தா.

தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில் ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. அதன் அருகே ஆங்கிலக் கிராமத்து வீடு போலக் கட்டிய பழைய விடுதி. நெரிசலில் வண்டி அங்கே நகராமல் நின்றது. பச்சைப் பட்டு விரித்தது போன்ற புல்வெளியைப் பார்த்து மகன், “தாத்தா, நீங்க இங்கயா விளையாடினீங்க?” என்று கேட்டான். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “இங்க புல்லு வெட்டக்கூட நமக்கு வேலை கிடைக்காதுடா. எங்க மைதானம் வேற.”

ஆங்கிலேயர் ஆண்ட மலை ஊர்கள் எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு முகம் உண்டு. உதகையில் மே மாதம் மலர்க் கண்காட்சி, நுவரெலியாவில் ஏப்ரலில் குதிரைப் பந்தயம் என்று விழாக்கள் இன்றும் நடக்கின்றன. விடுமுறைக்கு வந்த துரைமார்களின் பொழுதுபோக்கில் பிறந்த வழக்கங்கள் அவை. அதே மலைச் சரிவில் கொழுந்து பறித்தவர்கள் தங்களுக்கென்று ஒரு மாரியம்மனையும் ஒரு மைதானத்தையும் உண்டாக்கிக்கொண்டார்கள். சுற்றுலாக் கையேட்டில் முதலாவது இருக்கும். இரண்டாவதைத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கோ, தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தும் நான் கேட்டதில்லை.

தானா ராத்தாவில் பெரியப்பாவின் மகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. விடுதி எடுத்திருக்கிறோம் என்று சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “சொந்த ஊருக்கு வந்து ஹோட்டல்ல தங்குவியா நீ?” என்றார். அக்கா வீட்டில்தான் பெரியப்பாவும் இருக்கிறார். அவருக்கு 71 வயது, அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர். வாசலில் நின்றவர், “வா தம்பி” என்றார். அப்பா, “வரேன்ணே” என்றார். காலில் விழவுமில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். முன்பெல்லாம் இன்னும் குளிரும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மறுநாள் சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனோம். பெரிய சாலையிலிருந்து பிரிந்து, ஒரு வண்டி போனால் இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டிய பாதை. இரு பக்கமும் இடுப்பளவுக்கு வெட்டிய தேயிலைச் செடிகள். தாத்தா காலத்தில் நட்ட செடிகளும் அதில் இருக்கின்றன என்றார் பெரியப்பா. வெட்டாமல் விட்டால் மரமாகிவிடுமாம். முன்பு பெண்கள் முதுகில் கூடை மாட்டி, இரண்டு இலை ஒரு கொழுந்து என்று கையால் கிள்ளினார்கள். பிறகு கத்திரி வந்தது, அதன் பிறகு இயந்திரம். இப்போது கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும்தான் அதிகம். தமிழ்க் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன.

ஆனால் அன்று மட்டும் தோட்டம் நிறைந்திருந்தது. சிலாங்கூர், ஜொகூர், பேராக், சிங்கப்பூர் எண் பலகைகளோடு பாதையோரம் கார்கள் வரிசை கட்டி நின்றன. அங்கே பிறந்து வெளியே போனவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும். உறுமி மேளம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பால்குடம் எடுத்தவர்கள் தேயிலைச் சரிவை ஒட்டிய மண் பாதையில் மஞ்சள் கோடு போல இறங்கி வந்தார்கள். பந்தல் கால் நட்டவர்களில் பாதிப் பேர் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். அன்னதானப் பந்தியில் அவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் மகனுக்குத் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கொடுத்து, “சாப்பிடு, சாப்பிடு” என்று தமிழில் சொன்னார்.

மாலையில் தீமிதி. ஏழு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கி, பூக்குழியின் சிவப்பு மட்டும் தெரிந்தது. குளிரில் எல்லாரும் ஸ்வெட்டருக்கு மேல் துண்டு போர்த்தி நின்றோம். குழியை நெருங்க நெருங்க முகத்தில் அனல் அடித்தது. கிள்ளானிலும் எத்தனையோ தீமிதி பார்த்திருக்கிறேன். இங்கே ஒவ்வொருவர் இறங்கும்போதும் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. இன்னார் மகன், இன்னார் பேத்தி என்று பக்கத்தில் நின்றவர்கள் அடையாளம் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரு பாட்டி என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, என் பாட்டியின் பெயரைச் சொல்லி, “அவ பேத்தியா நீ? மூக்கு அப்படியே இருக்கு” என்றார். 36 வயதுவரை நான் யாரென்று என் மூக்கைப் பார்த்துச் சொன்னவர் யாருமில்லை.

ஞாயிறு காலைதான் அப்பா சொன்ன அந்த மைதானத்தைப் பார்த்தேன். முன்பு காலையில் ஆட்களுக்குப் பெரட்டு எடுத்த களத்துக்குப் பக்கத்தில், சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தேயிலைப் பள்ளம். பந்து பள்ளத்தில் உருண்டால் உதைத்தவரே போய் எடுத்து வர வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். அது இன்றும் மாறவில்லை. திருவிழாவை ஒட்டி எழுவர் காற்பந்து, பெண்களுக்கு வலைப்பந்து, பிள்ளைகளுக்கு ஓட்டம், கடைசியில் கயிறு இழுத்தல். பரிசு ஒரு பழைய சுழற்கிண்ணம். அதன் பிடி ஒன்று உடைந்து, கம்பியால் கட்டியிருந்தது. வெளியே போனவர்கள் ஓர் அணி, தோட்டத்தில் இருப்பவர்கள் ஓர் அணி. தோட்டத்து அணியில் ஐந்து வங்காளதேச இளைஞர்கள் ஆடினார்கள். நாங்கள் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். என் வீட்டுக்காரர் இரண்டு முறை பள்ளத்தில் இறங்கிப் பந்து பொறுக்கினார்.

மேட்டில் பலகை போட்டு அப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்கிலிருந்து நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்தவர் போனவர் எல்லாம் பெரியப்பாவைப் பார்த்து, “என்ன கோல்கீப்பரே!” என்றார்கள். அப்போதுதான் தெரிந்தது, அவர் ஒரு காலத்தில் இந்த மலையே பேசிய கோல்காவலர். அந்த நாளில் நாட்டின் கோல்காவலராகப் பெயர் வாங்கியிருந்த ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்பார்கள். பெரியப்பாவைத் தோட்டத்தில் ‘நம்ம ஆறுமுகம்’ என்பார்களாம். ஈப்போவில் ஒரு குழு தேர்வுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தது.

ஏன் போகவில்லை என்று கேட்டேன். பெரியப்பா தேநீரை ஊதினார். அப்பாதான் பதில் சொன்னார்.

தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்தது. குடும்பத்தில் ஒருவராவது வேலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1976-இல் தாத்தா நெஞ்சு நோயால் வேலையை விட்டுவிட்டார். பாட்டிக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டிக்கொடுக்க இரண்டு அத்தைமார்கள். அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் தோட்டத்தில் நின்றே ஆக வேண்டும். அண்ணனுக்கு ஈப்போவிலிருந்து அழைப்பு. தம்பிக்கு, கிள்ளான் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நண்பனின் கடிதம்.

“உக்காந்து பேசியிருக்கணும்” என்றார் அப்பா. “நான் பேசல. பேசினா அண்ணன்தான் போகணும்னு எல்லாரும் சொல்லுவாங்கன்னு தெரியும். விடியக்காலம் காய்கறி லாரி ஏறிட்டேன். முந்திக்கிட்டேன்மா.”

மைதானத்தில் யாரோ கோல் போட்டார்கள். கைத்தட்டல் அடங்கும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு அண்ணனைப் பார்க்காமலே தொடர்ந்தார். கிள்ளானுக்கு வந்த பிறகு, சம்பளம் வாங்கியதும் சிலாங்கூர் குழு ஆடும் ஆட்டங்களைப் பார்க்க மெர்டேக்கா அரங்கத்துக்குப் போவாராம். ஆறுமுகம் பாய்ந்து பந்தைப் பிடிக்கும்போது அரங்கமே எழுந்து நிற்கும். “எனக்கு எந்திரிக்க முடியாதுண்ணே. அங்க நிக்கிறது நீதான்னு தோணும்.”

பெரியப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

“கதவு கிரீச்சுன்னு கத்தும், ஞாபகம் இருக்கா? நான் முழிச்சுத்தான்டா இருந்தேன்.”

“அப்புறம் ஏன்ணே கூப்பிடல?”

“கூப்பிட்டிருந்தா நீ நின்னிருப்ப.”

அதோடு முடிந்திருந்தால் அது சினிமா. பெரியப்பா சினிமாக்காரர் அல்ல. கொஞ்சம் கழித்து, “கோபம் இல்லன்னு சொல்லமாட்டேன். பத்து வருஷம் இருந்துச்சு. ரேடியோல காற்பந்து போட்டா மூடிடுவேன். அப்புறம் பிள்ளைங்க வந்துச்சு, மறந்துட்டேன். நீதான் மறக்கல போல” என்றார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். பனி என்றார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து போய் வலைப்பந்து அணியில் பெயர் கொடுத்தேன். அவர்கள் இருவரும் தனியாக இருக்கட்டும் என்று தோன்றியது.

திரும்பி வரும்போது யோசித்தேன். கிள்ளானில் எங்கள் வீடு, என் படிப்பு, பிரிக்பீல்ட்ஸில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நான் பார்க்கும் வேலை எல்லாம் அந்தக் காய்கறி லாரியில் தொடங்கியவை. அந்த லாரி கிளம்ப, ஒருவர் பின்தங்கி நின்றிருக்கிறார். பள்ளத்தாக்கு நகரங்களில் இருக்கும் நம்மில் பலருடைய குடும்பத்திலும் இப்படி நின்ற ஒருவர் இருப்பார். ரப்பர் தோட்டமாக இருக்கலாம், செம்பனைத் தோட்டமாக இருக்கலாம். பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டன. போய்ப் பார்க்க இடமே இல்லை. எங்களுக்கு இடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். இத்தனை காலம் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறோம்.

கேமரன் மலைக்குப் போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் சில செய்திகள். நீண்ட விடுமுறையில் விடியும் முன் புறப்படுங்கள். பத்து மணிக்கு மேல் பிரிஞ்சாங் பக்கம் வண்டி நகராது. தோட்டக் கோயில்களின் திருவிழா நாள் கோயிலுக்குக் கோயில் மாறும். தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ தமிழர் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டால் சொல்லிவிடுவார்கள். தோட்டம் தனியார் இடம், திருவிழாவுக்குப் போகிறவர்கள் கோயில் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. படம் எடுக்கச் செடிகளுக்குள் நுழையாதீர்கள். அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், உண்டியலில் கொஞ்சம் போடுங்கள். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம். வீட்டில் தோட்டத்தில் பிறந்த பெரியவர் இருந்தால் அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவர் சொல்லட்டும்.

இறங்கும்போதும் தாப்பா வழிதான். பீடோரில் நிறுத்திக் கொய்யா வாங்கினோம். அப்பா அக்காவுக்குத் தொலைபேசியில், வந்து சேர்ந்துவிட்டோம் என்று பீடோரிலேயே சொல்லிவிட்டார். பிறகு, “அண்ணன்கிட்ட குடு” என்றார். வழக்கம்போல வானிலையைத்தான் பேசினார்கள். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

திங்கட்கிழமை மதியம் அதே சாப்பாட்டுக் கடையில் தோழி கேட்டாள்: “எப்படி இருந்துச்சு, ஜாமா?”

“மூணுக்குப் பூஜ்யம்” என்றேன். கதையைச் சொல்லி முடிக்கும்போது இலையில் சோறு காய்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அணிக்கு நல்ல கோல்காவலர் ஒருவர் வேண்டும். அதைத்தான் முதலில் கேட்டு வைத்திருக்கிறேன்.